லயத்தில் இல்லாத மருமகள்

என் மாமியார் ரெங்கம்மாவைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் பொய்க்காரி என்று மட்டும் யாரையும் சொல்ல விட்டதில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் அத்தை. என் ரசத்தைப் பற்றி, என் நடையைப் பற்றி, நான் துணி உலர்த்துகிற அழகைப் பற்றி எல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்து அந்த வெள்ளிக்கிழமையை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

என் புருஷன் கஜேந்திரனுக்கு அப்போது உகண்டாவில் வேலை கிடைத்திருந்தது. இங்கே தேயிலை ஃபேக்டரியில் உதவி டீமேக்கர், அங்கேயும் தேயிலை ஃபேக்டரிதான். தேயிலையை விட்டு எங்கேயாவது ஓடிவிட மாட்டோமா என்று நாலு தலைமுறையாக ஏங்குகிற குடும்பத்தில் பிறந்து, பிளேன் ஏறித் தேயிலைக்கே போகிற மனுஷன் இவர் ஒருவர்தான். இரண்டு வருஷ ஒப்பந்தம். குவார்ட்டர்ஸ் தருவார்கள், பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். எங்கள் விசா கிடைக்காவிட்டால் அவர் தனியாகத்தான் போக வேண்டும், கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எனக்கு அது ஆகவே ஆகாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சிக்கல் எங்கள் கல்யாணத்தில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயம் மொத்தமும் நின்று பார்த்தது. இத்தனை பேர் பார்த்த பிறகு ரெஜிஸ்ட்ரார் வேறு எதற்குப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பதிவுக்குப் போகவில்லை. எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். விசாவுக்குச் சர்டிபிகேட் வேண்டும் என்றதும் பதுளைக்கு ஓடிப் பதிந்தோம், ஐந்து வயது மகள் தர்மிளாவை மடியில் வைத்துக்கொண்டு. கல்யாணத்துக்கு வயது மூன்று வாரம், பிள்ளைக்கு வயது ஐந்து. ஆள் அனுப்புகிற கொழும்புக் கம்பெனிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன வருஷம் எவனோ ஒருத்தன் மச்சினியைப் பெண்டாட்டி என்று சொல்லிக் கூட்டிப்போயிருந்தானாம், அவன் செய்த கூத்துக்கு நாங்கள் அனுபவித்தோம். ஒரு ஆபீசர் நேரில் வந்து விசாரிப்பார், எந்தத் தேதி என்று கடிதம் வரும் என்றார்கள்.

எங்களுக்குக் கடிதம் லயத்துக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது அழகையா கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அத்தை வேலைக்குப் போகிறவர், பெரட்டில் நிற்பார்; நான் வீட்டில் தினமும் காத்திருந்தேன். வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என் புருஷன் மெடிக்கல் செக்கப்புக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். நான் தர்மிளாவுக்கு விசா போட்டோ எடுக்கப் பதுளைக்குப் போனேன். ஃபிளாஷ் வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. ஆறு தடவை எடுத்தார்கள், ஆறும் மூடிய கண். கண் திறந்திருக்காவிட்டால் விசாவுக்கு எடுக்க மாட்டார்கள், இன்னொரு நாள் வாங்க என்று ஸ்டூடியோக்காரர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

எரிச்சலோடு வந்து சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தேத்தண்ணிக் கடை பெஞ்சில் ஒரு மனிதர், மடியில் ஃபைல், கையில் குடை, சப்பாத்து முழுக்கச் சேறு. பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றதும் பாவம், தன் கதையைக் கொட்டத் தொடங்கினார். பெயர் சிவசுப்பிரமணியம். கொழும்பிலிருந்து ஒரு ஆளைப் பற்றி விசாரிக்க வந்தாராம். முதல் காம்பராவில் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்களாம். இரண்டாவதில் ஆள் குவைத்துக்குப் போய்விட்டாராம். மூன்றாவதில் ஆள் செத்தே போய்விட்டாராம்.

"கடைசியா தாயைக் கண்டன் பிள்ளை. மகன் இருக்கிறான், ஆனா அவனுக்குக் கலியாணமே ஆகேல்லையாம். இனித்தான் பொம்பிளை பாக்கப்போகினமாம். பெத்த தாயே சொன்னா. எழுதி முடிச்சிட்டன்."

யாரைப் பற்றி என்று கேட்டேன். உகண்டாவுக்குப் போகிற கஜேந்திரன் என்றார்.

லயத்தாட்களைத் திட்டியும் பிரயோஜனமில்லை. ஃபைலோடு யார் வந்தாலும் எங்கள் ஆட்கள் ஆளில்லை என்றுதான் சொல்வார்கள். ராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் அப்படிச் சொல்லித்தான் எத்தனையோ பையன்களைக் காப்பாற்றினார்கள். அதிலும் யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் வந்து போனால் பின்னாலேயே ஜீப் வரும் என்பது பழைய பயம். சமாதானம் என்று ரேடியோ ஒரு வருஷமாகச் சொல்கிறது, லயத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. மற்றவர்கள் சொன்னது சரி, அத்தையும் பயத்தில்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

நான்தான் அந்தப் பெண்டாட்டி என்றேன். சர்டிபிகேட்டைக் காட்டினேன். அதில் ஒரு கொப்பி தன்னிடமும் இருக்கிறது, தேதிதான் பிரச்சினை என்றார். திரும்பி வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். பஸ் போய்விடும் என்றார். அதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது. அவர் மடியிலிருந்த ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். பிள்ளை, பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார். வேறு என்ன செய்வார்?

அங்கேதான் இன்னும் கெட்டது. நான் முன்னால், குடையோடு ஆபீசர் பின்னால். என்னைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று லயமே வெளியே வந்துவிட்டது. அழகையா கங்காணி எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பொண்ண நாங்க பாத்ததே இல்லீங்க," என்றார். சொல்லிவிட்டு, காப்பாற்றிவிட்டேன் என்பது போல எனக்குக் கண்ணடித்தார்.

மாமா, உண்மையைச் சொல்லுங்க என்று நான் கத்தக் கத்த, பிள்ளை நல்லா நடிக்குது என்று நினைத்துக்கொண்டு மனுஷன் தலையை இன்னும் பலமாக ஆட்டினார். அதற்குள் தர்மிளா இறங்கி ஓடி அப்பாயி என்று அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து லயத்துப் பிள்ளை, எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் என்றார் அத்தை. வாய்தான் அப்படிச் சொன்னது. கை பாட்டுக்கு முந்தானையை எடுத்துப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஆபீசர் அந்தக் கையையே பார்த்தார்.

வருகிற தேதியைச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தேனே, கிடைக்கவில்லையா என்று அவர் கேட்டார். கடிதம் என்றதும் கங்காணிக்கு ரோஷம் வந்துவிட்டது. கடித விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்லக்கூடாது.

"கொழும்புக் கடுதாசியா? அது நேத்துப் பெரட்டுல ரெங்கம்மா கையிலயே குடுத்துட்டேனுங்களே. இவ ஊட்டுக்கு வந்த கடுதாசி இவ மாமியா கிட்டத்தான குடுக்கணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார். வாசித்திருக்கிறார். வந்தது யார் என்று தெரிந்தேதான் தனக்கு மகன்தான் உண்டு, மருமகள் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆபீசர் நிற்கிறார் என்பதே மறந்துவிட்டது. ஆறு வருஷமாக விழுங்கி வைத்ததையெல்லாம் எடுத்து வீசினேன். அத்தை மட்டும் சும்மா இருப்பாரா? ரசத்தில் தொடங்கி, நான் மகனை முந்தானையில் முடிந்து வைத்திருப்பது வரை போனார். இடையில் நின்ற ஆபீசர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் திடீரென்று அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

"அவன் மட்டும் போனா திரும்பி வருவான்டி. நீயும் புள்ளயும் இங்க இருக்கீங்கன்னு வருவான். மூணு பேரும் போயிட்டா, இங்க எதுக்கு வருவீங்க?"

நாங்கள் கட்டாயம் வருவோம் அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய்யாகிவிடுமோ என்று மூடிக்கொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது, கோபமும் போகவில்லை.

ஆபீசர் என் கக்கத்திலிருந்த ஃபைலை மெல்ல உருவிக்கொண்டார். தனக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை, இப்படிச் சண்டை பிடிக்க வெளியாட்களால் முடியாது என்றார். ஆனால் தாய் முதலில் சொன்னது எழுத்தில் இருக்கிறது, அவரே அதை மாற்றிச் சொல்லிக் கையெழுத்து வைத்தால்தான் விசாவுக்கு அனுப்பலாம், வற்புறுத்த மாட்டேன் என்று பேனையை நீட்டினார்.

அத்தை பேனையை வாங்கவில்லை. அந்தத் தாளில் யார் யார் பேர் இருக்கிறது என்று கேட்டார். மனைவி, பிள்ளை என்றார் ஆபீசர்.

"தாய்க்கு எடம் இல்லீங்களா?"

"இல்லை அம்மா. மனைவி, பதினெட்டு வயசுக்குக் கீழ பிள்ளையள். அவ்வளவுதான்."

"சும்மா கேட்டு வச்சேன்," என்றார் அத்தை.

பிறகு வாசல் கல்லில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதினார். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல், பேனை நேராக நிற்கவில்லை. சுபாஜினி என் மருமகள், தர்மிளா என் பேத்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"போட்டோ எடுத்தாச்சா?"

கண்ணை மூடிவிட்டாள், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள் என்றேன்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். நான் முன்னால நின்னா கண்ணத் தொறந்து பாக்கும்." மறுபடியும் முந்தானையை எடுத்து, சுத்தமாக இருந்த மூக்கைத் துடைத்தார். "விசாவுக்கு எத்தன கேட்டாங்களோ, அதுக்கு மேல ஒன்னு போடச் சொல்லு. எனக்கு."