பிச்சம்மாளை நான் மெலியவைத்த வரைவு

1
இந்தக் கதை தொடங்கியது நான் பேசிய ஒரு தப்பான பேச்சில். தம்பானூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை, கதையும் எழுதுவேன். சாலைச் சந்தையில் அரிசிக் கடையில் வேலைபார்க்கும் பிச்சம்மாள் அக்காவுக்குக் கொலஸ்ட்ரால் 282. தாளை நீட்டிக்கொண்டே சொன்னேன்: "சோத்தைக் குறைங்கக்கா. ஆளைப் பாத்தாலே தெரியுதே."

அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

2
அக்காவைப் பற்றிய கதையின் முதல் வரியை இப்படி எழுதினேன்: 'தொண்ணூறு கிலோவைச் சுமந்து, மூச்சிரைக்கப் படியேறிய பிச்சம்மாள்...'

(வேண்டாம். அந்த மூச்சிரைப்பு என் கைச்சரக்கு. அக்கா சாதாரணமாகத்தான் ஏறிவந்தார்.)

நடந்தது இதுதான். இரண்டு மாதம் பாதி வயிற்றோடு கிடந்தார். ஒருநாள் கடையில் தலைசுற்றி மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் 279. தாங்கிப் பிடித்த ஜெயபாய், அதே கடையில் வேலைசெய்யும் ஒல்லியான பெண், தன் பழைய ரிப்போர்ட்டைக் காட்டினாள். "எனக்கும் இப்படித்தான் அசதியா இருந்துச்சு. தைராய்டு குறைவுன்னாங்க."

மறுநாளே அக்கா என் முன்னால் நின்றார். "எனக்கு ஏன் இந்த டெஸ்ட் எடுக்கல?"

"டாக்டர் எழுதலக்கா."

"எழுதச் சொல்லுதேன். நீயும் வா."

3
தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச்., ஐந்துக்குள் இருக்கவேண்டியது, 14 வந்தது. ஜெயபாயின் பழைய ரிப்போர்ட்டிலும் அதே 14தான். ஆனால் அவள் கொலஸ்ட்ரால் 190.

"ஒரே பதினாலு. எனக்கு மட்டும் ஏன் ஏறுச்சு?" என்றார் அக்கா.

டாக்டர் அஸ்வதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "நல்ல கேள்வியாணு. தைராய்டு குறைஞ்சா, ரத்தத்துல உள்ள கொழுப்பை ஈரல் மெதுவாத்தான் எடுக்கும். எடை கூடுதலா உள்ளவங்களுக்கு அதோட பாதிப்பு இன்னும் பலமா இருக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது. முழுசாத் தீர்மானமாகல."

"அப்ப என் எடையும் காரணமா?"

"ஒரு பங்கு இருக்கலாம். அதுக்காகப் பட்டினி கிடந்தா தைராய்டு சரியாகாது. மாத்திரைதான்."

4
மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டபின், காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அக்கா தாளை உரக்கப் படித்தார்: "கொலஸ்ட்ரால் இருநூத்திப் பதினாலு!" ஜெயபாய் கைதட்டினாள். யாரென்றே தெரியாத இரண்டுபேர் சேர்ந்து தட்டினார்கள்.

என் வரைவில் அக்கா மெலிந்து, புதுச்சேலையில் நின்றார். காட்டினேன். என் பேனாவைப் பிடுங்கி அந்தப் பத்தியை அடித்தார்.

"குறைஞ்சது கொழுப்பு. நான் அப்படியேதான் இருக்கேன். எண்பத்தெட்டு கிலோ, எழுது."

எழுதிவிட்டேன்.

5
இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன திங்கட்கிழமை காலை, சாலைச் சந்தையிலிருந்து ஏழு பெண்களை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார் அக்கா. ஒல்லி, தடி, நெட்டை, குட்டை, எல்லோரும் இருந்தார்கள்.

"முதல்ல இவங்க சொல்லுறதைக் கேளு. அப்புறம் ஊசி குத்து."

முதல் பெண்ணை உட்காரவைத்துக் கேட்டேன்: "உடம்புக்கு என்ன செய்யுது?"

அவர் சொல்லத் தொடங்கினார். அதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் பக்கத்தில் இருப்பவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், குறுக்கே பேசாமல். மீதிக் கதை அவரிடம் இருக்கிறது.