சுவிச்சில் தொங்கிய சொந்தக்காரர்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தத் தனியார் கம்பஸ் இருந்தது. கீழே வகுப்புகள், மேலே விடுதி. போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம். விடுதி அறை ஒவ்வொன்றின் சுவரிலும் இணையத்துக்கென்று ஒரேயொரு துளை. ஒரு துளைக்கு ஒரு கணினி என்பது நெற்வேர்க் பொறுப்பாளர் றேமண்டின் சட்டம். பதிந்த கணினியைத் தவிர வேறொன்று தலை காட்டினால் துளை தானாகவே செத்துப்போகும். பிறகு றேமண்ட் மனம் வைத்தால்தான் உயிர்க்கும். கொட்டாஞ்சேனைக்காரரான றேமண்ட் கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் ரை கட்டுகிறவர். லேசில் மனம் வைக்கமாட்டார்.

கனகசபாபதியின் அறையில் மூன்று பேர், மூன்று கணினி. பதிந்தது அவனுடையதை மட்டும். றவூப்புக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும். நிக்கலசுக்குக் கார் ஓட்டும் விளையாட்டு வேண்டும். கனகசபாபதிக்கு வேண்டியது கல்யாணம்.

பெண் நாகேஸ்வரி, ரொறன்ரோவில். அவளோடு ரெலிபோனில் கதைத்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சம்மதம். தகப்பன் தில்லைநாதன்தான் கொக்கி போட்டார். "தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலை, பாதை பூட்டு. கொழும்பிலை பொடியனுக்கு ஆர் இருக்கினம்? ஒருத்தரும் இல்லாதவனை நம்பி என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?" சனிக்கிழமை பின்னேரம் கணினியில் முகம் பார்த்துக் கதைத்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் றவூப் பம்பலப்பிட்டியில் ஒரு சுவிச் வாங்கி வந்தான். ஒரு வயரில் வருவதைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. வழியில் சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் மறித்து, "மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டார்கள். விளக்கம் சொல்லிக் களைத்துப்போன றவூப், சென்றியின் மின்சாரத்திலேயே அதைச் செருகிக் காட்டினான். பச்சை லைற்றுகள் வரிசையாக மினுங்கின. வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு செய்கிறவன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அறையில் பூட்டிய உடனேயே துளை செத்தது. றேமண்ட் படியேறி வந்தார்.

"ஒரு ஓட்டைக்கு ஒரு கம்பியூட்டர். இன்னொரு தரம் இப்பிடி நடந்தா நிரந்தரமா வெட்டிருவேன்."

கனகசபாபதிக்குக் கல்யாணமே கண்ணெதிரில் வெட்டுப்பட்டது போலிருந்தது. நிக்கலஸ்தான் வழி கண்டான்.

"டேய், உன்ரை கணினிக்குள்ளை இன்னொரு நெற்வேர்க் காட் போடுவம். கணினி வாசல்லை நிக்கட்டும், சுவர் அதின்ரை முகத்தை மட்டும்தான் பாக்கும். சுவிச்சை அதுக்குப் பின்னாலை பூட்டுவம். எங்கடை அலுவல் எல்லாம் உன்ரை பேரிலை போய் உன்ரை பேரிலையே திரும்பி வரும்."

வந்தது. சுவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கனகசபாபதிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பக்கத்து அறை கேட்டது, கொடுத்தான். எதிர்வீட்டுப் பத்மாவதி மாமி சுவிஸிலிருக்கும் மகளைப் பார்க்க வேண்டுமென்று கண்ணைக் கசக்கினாள், உடுப்புக் காயப்போடும் கொடியோடு கொடியாக வயர் போனது. அங்கிருந்து மஷூரின் பலசரக்குக் கடைக்கு, கடையிலிருந்து சைவச் சாப்பாட்டுக் கடைக்கு. சுவிச்சோடு சுவிச் தொடுத்தார்கள். ஒழுங்கையில் காகங்களுக்கு மட்டும்தான் இணைப்பு இல்லை, அவை கேட்கவில்லை. வயர் களுபோவில வரைக்கும் போனது என்று சிலர் சொல்வார்கள். அது பச்சைப் பொய். அடுத்த ஊர் எல்லையான தெகிவளைப் பாலத்தோடு நின்றுவிட்டது.

சனிக்கிழமை வந்தது. கனகசபாபதி மேலே வெள்ளைச் சேட்டும் திருநீறும், கீழே சாரமுமாகக் கமராவின் முன்னால் இருந்தான். திரையில் தில்லைநாதன் தோன்றினார். பின்னால் நாகேஸ்வரியின் தோளில் பாதி தெரிந்தது.

"தம்பி, நேராக் கேக்கிறன். கொழும்பிலை உமக்கு ஆர்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி தில்லைநாதன் உறைந்துபோனார். முழு ஒழுங்கையும் அந்த ஒற்றை வயரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"றவூப், மேட்ச்சை நிப்பாட்டடா!"

"கடைசி ஓவர் மச்சான், கொஞ்சம் பொறு!"

கதவு படாரென்று திறந்தது. ரை தோளுக்கு மேலால் பறக்க றேமண்ட் நின்றார்.

"யாரு இங்க கனகசபாபதி? ஒரு மனுசன் ஒரே நேரத்தில மேட்ச் பாத்து, கார் ஓட்டி, சுவிஸோட கதைச்சு, மூணு படமும் இறக்குவானா? கம்பஸே நிண்டுபோச்சு!"

வயரைப் பிடித்துக்கொண்டே கட்டிலுக்குக் கீழே ஊர்ந்தார். சுவிச்சைக் கண்டார். கணினியிலிருந்து அதற்குப் போன வயரை ஒரே இழுவையில் பிடுங்கினார். அந்தக் கணமே தில்லைநாதனுக்கு உயிர் வந்தது.

"...இருக்கினம்?"

கனகசபாபதி கமராவோடு நெருங்கினான். அதற்குள் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. முதலில் பத்மாவதி மாமி நுழைந்தாள்.

"தம்பி! பிள்ளை திரையிலை சிரிச்சபடி நிண்டிட்டாளடா!"

பின்னால் மஷூர், சைவக் கடை முதலாளி சண்முகலிங்கம், இன்னும் படி கொள்ளாத சனம். றேமண்ட் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"நில்லுங்க! நீங்கள்லாம் யாரு? இவருக்கு என்ன முறை?"

வெள்ளவத்தையில் அந்த வருடங்களில், கழுத்தில் அட்டை தொங்கும் ஒருவர் அதிகாரக் குரலில் இப்படிக் கேட்டால் எல்லோர் வாயிலும் ஒரே பதில்தான் ஆயத்தமாக இருக்கும். முறையில்லாதவர் ஒரு வீட்டில் நின்றால் பொலிஸ் ஜீப்பில் ஏற வேண்டி வரும்.

"நான் அவன்ரை சொந்த மாமி," என்றாள் பத்மாவதி மாமி, மூச்சு விடாமல்.

"சித்தப்பா," என்றார் சண்முகலிங்கம்.

"நான் மச்சான்," என்றான் றவூப்.

"நம்மளும் ஒரே குடும்பம்தான் சேர்," என்றார் மஷூர். "சின்னதுல ஈந்தே தெரியும்."

படியிலிருந்தவர்கள் பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று வரிசையாகப் பதிவு கொடுத்தார்கள். இவ்வளவையும் கமரா பார்த்துக்கொண்டிருந்தது. றேமண்ட் வயரைப் பிடுங்கி உபகாரம் செய்ததில் ஒரு சொல்லும் விக்கவில்லை.

தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"இவ்வளவு சனமோ! ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ எனக்குச் சொன்னவங்கள். தம்பி, கல்யாணத்துக்கு நல்ல நாளாப் பாருங்கோ." பிறகு திரையோடு நெருங்கி வந்தார். "முன்னாலை நிக்கிற ரை கட்டின தம்பி? அவரும் சொந்தமோ?"

முழு அறையும் றேமண்டைப் பார்த்தது. பிடுங்கிய வயர் இன்னும் அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. கனகசபாபதி கைகூப்பாத குறையாகப் பார்த்தான். திரையில் நாகேஸ்வரியின் முகமும் முழுதாக வந்து நின்றது.

றேமண்ட் ரையைச் சரிசெய்தார்.

"ஓம் அங்கிள்," என்றார். "அண்ணன் முறை."