ஆவணியில் திறக்கும் ரோடு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையை அகலப்படுத்த அரசாங்கம் திருவுளம் கொண்டது. அதுவரை லாரிகள் எங்கே போகும் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். என்ஜினீயர் சுப்பராயன் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். 'பொதுமக்களுக்கு இடையூறு இல்லாத மாற்றுப்பாதை' என்று அதற்குப் பெயர். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த செங்கமலத்தின் கடலைக் கொல்லையை அது குறுக்கே பிளந்துகொண்டு போனது. செங்கமலம் பொதுமக்களில் சேர்த்தி இல்லை போலும்.

"அறுப்பு முடிஞ்சு சும்மாதானேம்மா கெடக்குது? ஆடிக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துடறோம்" என்றார் சுப்பராயன்.

கொடுத்தாள். புருஷன் இல்லாதவள். ஆடியில் விதைக்கிற கடலைதான் அவள் வீட்டின் ஒரு வருஷத்துச் சோறு.

சாலை வேலை ஆனியிலேயே முடிந்தது. அரசாங்க வேலைகளில் எப்போதாவது நேர்கிற விபத்து அது. கருகருவென்று புதுத்தார் மின்னியது. ஆனால் இரண்டு முனையிலும் தார் டிரம்களை உருட்டி அடைத்து, மாரி என்பவனைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். மந்திரி இன்னும் திறக்கவில்லை. ஆகையால் அது ரோடே இல்லை. லாரிகள் கொல்லையிலேயே உறுமிக்கொண்டிருந்தன.

முதல் மழை விழுந்ததும் செங்கமலம் சுப்பராயனின் கொட்டகைக்குப் போனாள்.

"ரோடுதான் முடிஞ்சி கீதே சார், தொறந்து வுட்டா இன்னா?"

"முடியறது வேறம்மா, திறக்கறது வேற. மந்திரி ஆவணியிலதான் தேதி குடுத்திருக்காரு."

"மேடையில சாமியே இல்லன்றாரு. ஆடி மட்டும் கீதாமா அவருக்கு?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. வேலை ஜாஸ்தி."

அழைப்பிதழில் நல்ல நேரம் என்ற மூடச்சொல் இல்லவே இல்லை. சனிக்கிழமை காலை பத்து முப்பத்தைந்து என்று பகுத்தறிவோடு போட்டிருந்தது. சனிக்கிழமைகளில் ராகு காலம் பத்தரைக்கு முடிவது பஞ்சாங்கக்காரனின் சௌகரியம்.

"ஆவணியில வெதைச்சா காய் புடிக்குமா? உங்க மந்திரி வந்து கட்டி வுடுவாரா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஆடி நடுவில் ஊர்ப் பெரியவர் தசரதன் இறந்துபோனார். சுடுகாட்டுக்கு மாற்றுப்பாதை வழியாகத்தான் போகவேண்டும். அன்றைக்குப் பார்த்து ஒரு லாரி அங்கே சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. பின்னால் நின்ற லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தூக்கப் பார்த்தன. எடுத்த பாடை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. மேளத்தோடு ஊர்வலம் புதுச்சாலை முனையில் வந்து நின்றது.

மாரி கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, மந்திரி இன்னும் கால் வெக்கலண்ணே!"

லாரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த செங்கமலம் ஓடிவந்தாள். "தசரதப் பெரியப்பா ஆவணி வரைக்கும் தாங்குவாராடா? போய் உங்க மந்திரியக் கூட்டியா, அவரு முன்னால போவட்டும்!" என்று டிரம்மை உருட்டித் தள்ளினாள்.

பூவும் பொரியும் சிதற, புதுத்தாரில் முதல் பயணி படுத்தபடியே போனார்.

சிதை ஆறுவதற்குள் சேதி மெட்ராஸுக்குப் போய்விட்டது. மந்திரிக்கு அந்தச் சாலை வேண்டாமாகிவிட்டது. நம்பிக்கை கிம்பிக்கை ஒன்றும் இல்லை, மனசு சரியில்லை, அவ்வளவுதான். மறுநாளே டிரம்களை எடுத்துவிட்டார்கள். லாரிகள் புதுச்சாலைக்குப் போயின. சேறு காய்ந்ததும், லாரிகள் இறுக்கிப்போட்ட கொல்லையில் செங்கமலம் ஏர் பூட்டினாள். ஜீப்பில் பறந்து வந்தார் சுப்பராயன்.

"உழாதம்மா! கல்வெட்டு செதுக்கியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. அந்த ரோட்டுக்குப் பதிலா இதைத் திறக்கறாரு. இணைப்புச் சாலைன்னு பேரு."

"எத்த எதோட இணைக்கப் போற?"

அதற்குத் துறையில் இன்னும் பதில் தயாராகவில்லை.

"செத்தவன் போன ரோட்டுல போவ மாட்டாரு, உசுரோட கீறவ சோத்து மேல மட்டும் நடப்பாரா? தூ! ஆடிக்கு முன்னாடின்னு சொன்ன வாய்தானே இது?"

சுப்பராயன் ஏருக்கு முன்னால் போய் நின்றார். மாடுகளுக்கு அரசாங்கம் தெரியாது, நிற்காமல் வந்தன. அவர் துள்ளி விலகினார். ஒரு செருப்பு உழுத சாலில் புதைந்துபோனது.

ஆவணிக் கடைசியில் மந்திரி வந்தார். புதுக் கல்வெட்டு; ரிப்பன்; ரிப்பனுக்கு அப்பால் மஞ்சளாய்ப் பூத்த கடலைச்செடி. அதன் நடுவில் களைக்கொட்டோடு செங்கமலம்.

"ரோடு எங்கய்யா?" என்று மந்திரி பல்லிடுக்கில் கேட்டார்.

"தற்காலிகமா பயிர் வெச்சிருக்குதுங்க" என்றார் சுப்பராயன்.

மணி பத்து முப்பத்தைந்து ஆகிவிட்டது. மந்திரி கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டினார். கூட்டம் கை தட்டியது. பழக்கத்தில் ஒரு கால் முன்னே போனது.

"அங்கியே நில்லு! வெட்டினியே, அத்தோட போ. ஒரு செடி மிதிபட்டுது, இன்னா நடக்கும்னு எனக்கே தெரியாது!"

கால் பின்னுக்கு வந்தது. மெட்ராஸிலிருந்து வரவும் சரி, திரும்பவும் சரி, தசரதன் போன சாலையைத் தவிர வேறு வழி கிடையாது. மந்திரி காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் நகர்வதற்குள் செங்கமலம் குனிந்து அடுத்த பாத்தியில் களை வெட்ட ஆரம்பித்திருந்தாள்.