இரண்டு பட்டியலில் ஒரு நட்சத்திரம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எந்த நீதிமன்றத்தில் கூப்பிட்டாலும், எந்தப் புத்தகத்தின் மேல் கையை வைக்கச் சொன்னாலும் வைத்து, இதே வரிசையில் திரும்பச் சொல்லத் தயார். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு.

மகள் தொலைநோக்கிக் குழாயின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி மொட்டைமாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் அப்பாவின் கையில். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"மெதுவா வாடி. கடவாப்பல்லைப் பிடுங்குற மாதிரி இழுக்குற."

"நீங்க தள்ளாம இருங்கப்பா, நான் இழுக்காம இருக்கேன்."

மகள் பல் மருத்துவர். இந்த வீட்டில் அதை மறக்க யாரும் விட்டதில்லை.

கீழே அம்மாவின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகலை உதட்டுக்குள்ளேயே மடித்துவைக்கப் பார்த்து முடியாமல் போன சத்தம். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சத்தம் நின்றதும் அப்பா, "ம், ஏறு" என்றார்.

காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு ராத்திரி தாண்டுறது கஷ்டம்மா" என்று மகளிடம் சொல்லியிருந்தார். வலிக்கு ஓர் ஊசியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். போட்டால் வலி போகும். கூடவே நினைவும் போகும், திரும்பாது. அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். சாயங்காலம் முடியட்டும், அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளுங்கள் என்றாள்.

எல்லாம் ஒரு நட்சத்திரத்துக்காக.

அம்மாவும் அப்பாவும் ஒரே வானாய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அப்பாவின் பிரிவு இரட்டை நட்சத்திரங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் புள்ளியை இரண்டாகப் பிரித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தப் பக்கம் சாய்வு என்று அளந்து பட்டியலில் சேர்ப்பார். வேலை ரத்தத்தில் ஊறிவிட்டது. மகள் பிறந்தபோது, "குழந்தை ஒண்ணுதான் சார்" என்ற டாக்டரிடம், "பக்கத்துல மங்கலா இன்னொண்ணு இருக்கும், நல்லாப் பாருங்க" என்று சண்டை பிடித்தார். மறுநாள் வானம் தெளிந்த பிறகு வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

அம்மாவின் பிரிவு வேறு. நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டகக் கண்ணாடியில் விரித்தால் வண்ணப் பட்டையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். எந்தக் கோடு எந்தத் தனிமம் என்று படிப்பாள். ஊருலகத்து நட்சத்திரங்களில் இல்லாத அளவுக்குப் பாதரசத்தையும் மாங்கனீசையும் மேலே பூசிக்கொண்டு திரிகிற விசித்திர நட்சத்திரங்களைப் பிடித்துப் பட்டியலில் போடுவாள். அது நாக்குக்கும் வந்துவிட்டது. ஒருநாள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "மாங்கனீசு" என்றாள். நகராட்சி ஆட்கள் தெருவைத் தோண்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

அவளுடைய பட்டியலில் முதல் நட்சத்திரம் எதுவோ, அதையே அப்பாவும் தன் பட்டியலில் எழுதிவைத்தார். "அதுல விசித்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. ஒட்டி நிக்கிற ரெண்டு சாதாரண நட்சத்திரம். ரெண்டோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து உனக்கு வேடிக்கை காட்டுது" என்பது அவர் கட்சி. அவர் சொல்வது சரியானால் அவளுடைய பட்டியலின் முதல் வரியை அடிக்க வேண்டும். எந்தத் தொலைநோக்கியாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. சண்டையை வசதியாகத் தொடரலாம் என்றுதான் கல்யாணமே செய்துகொண்டார்கள் என்று ஆய்வகத்தில் பேச்சு. நாற்பது வருடமாகத் தொடர்கிறது.

தொலைநோக்கி பிரிக்காததை நிலா பிரிக்கும். இன்று மாலை நிலா அந்த நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது. நிலாவில் காற்று கிடையாது, விளிம்பு கத்திமாதிரி. ஒற்றை நட்சத்திரமானால் விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று போகும். இரட்டையானால் படி இறங்குகிற மாதிரி இரண்டு தடவையாகப் போகும்: முதலில் ஒன்று, நடுவே இமைக்கிற நேரத்துக்கு அரைகுறை வெளிச்சம், பிறகு மற்றது. இதை விட்டால் நிலா அந்த வழியாக வரப் பல வருடங்கள் ஆகும். அம்மாவிடம் அவ்வளவு இல்லை.

பார்க்கப்போவது மகள். அப்பா பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. "அந்த மனுஷன் பார்த்தா சூரியனே ஜோடியாத் தெரியும்."

முக்காலியில் குழாயைப் பூட்டியதும் கண்வில்லையை எடுக்க மகள் கீழே வந்தாள். அறையில் நர்ஸ் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க. பல்லைக் கடிச்சே தேய்ச்சிருவாங்க போல."

"தேஞ்சா இவ கட்டிக் குடுப்பா," என்றாள் அம்மா. "சிஸ்டர், கொஞ்சம் வெந்நீர் வேணும்."

நர்ஸ் எழுந்து போனாள். அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"இங்க பாரு. என்ன தெரிஞ்சாலும் ரெண்டுன்னு சொல்லு."

"என்னம்மா சொல்ற?"

"அது ஒண்ணுதான். எனக்குத் தெரியும். எவன் வந்து சொன்னாலும் ஒண்ணுதான். ஆனா நாளையிலிருந்து உங்கப்பா யாரோட சண்டை போடுவாரு? ஜெயிச்சோம்கற நெனப்பாவது துணைக்கு இருக்கட்டும்."

"பொய்தான் சொல்லப் போறேன்னா ஊசியைப் போட்டுக்கயேம்மா. எதுக்கு இந்தப் பாடு?"

"அவர் மூஞ்சியைப் பார்க்கணும்டி," என்றாள் அம்மா. அதற்குள் வலி வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிடித்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

மேலே போனால் அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மேற்கே ஒரு மேகம் கிளம்பியிருந்தது. எதிர்வீட்டு வாசல்விளக்கு வேறு எரிய ஆரம்பித்திருந்தது. அவர் இரண்டையும் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கா?"

"வலிக்குதுப்பா. ரொம்ப."

அவர் கைப்பிடிச்சுவரை நகத்தால் சுரண்டினார். "ஒண்ணுன்னு சொல்லிரு."

மகளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. வந்தால் அழுகையில்தான் முடியும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டாத் தெரிஞ்சா?"

"ரெண்டாத்தான் தெரியும். அதுல எனக்கு என்ன சந்தேகம்? அவ தோத்துட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். நான் கீழே போறேன். பொய் சொல்றப்ப தலையைச் சொறியாத, கண்டுபிடிச்சிருவா."

படியில் அவர் இறங்குகிற சத்தம் தேய்ந்தது. மகள் குனிந்து கண்ணை வைத்தாள்.

நிலாவின் இருண்ட பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதன் விளிம்புக்கு ஒரு மயிரிழை தள்ளி நட்சத்திரம். மேகத்தின் ஓரம் பார்வைக்குள் வந்து நட்சத்திரத்தைத் தின்றது. அவள் மூச்சைப் பிடித்தாள். மேகம் அதைத் திரும்பத் துப்பியது. கீழே அம்மாவின் சத்தம் மறுபடி, இந்த முறை மடித்துவைக்காத சத்தம். "ஊசியப் போட்டுறவாம்மா?" என்ற நர்ஸின் குரல். "இன்னும் வரல அவ!" என்று அம்மா கத்தினாள். மகளுக்குக் கண்ணில் நீர் கோத்தது. துடைக்க நேரமில்லை, இமைக்கவும் கூடாது. இறங்கி ஓடி, ஏதோ ஒன்றைச் சொல்லி, அந்த ஊசியைத் தானே போட்டுவிடலாம் என்று கால் துடித்தது. எதைச் சொல்வது?

நட்சத்திரம் விளிம்பைத் தொட்டது.

பாதியாகக் குறைந்தது. அந்த மிச்சம் நின்றது. நின்றது என்று அவள் நினைப்பதற்குள் அதுவும் போனது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அறைக்குள் நுழைந்ததும் இரண்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அப்பா கட்டிலுக்குப் பின்னால் நின்று ஒற்றை விரலைக் காட்டினார். அம்மா போர்வைக்கு வெளியே இரண்டு விரலை நீட்டியிருந்தாள். யாருடைய பொய்யைச் சொல்வது என்று அவளால் முடிவுசெய்ய முடியவில்லை. அந்த அறையில் யாரும் கேட்காதது உண்மை ஒன்றுதான். அதையே சொன்னாள்.

"ரெண்டு."

அம்மா மகளைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு கழுத்தை ஒடித்துத் திருப்பி, தான் காத்திருந்து வாங்கிய முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகம் தொங்கிக் கிடந்தது.

"இதென்னங்க ஜெயிச்ச மூஞ்சியா?"

அப்பா மகளை ஒருமுறை முறைத்தார். தொண்டையைச் செருமினார். பல்லைக் காட்டினார். பல் மருத்துவரான மகளே அதற்கு முன்னால் பார்த்திராத பல்லெல்லாம் தெரிந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்றார். "கேட்டியா நீ?"

"கேக்கல," என்றாள் அம்மா நிம்மதியாக. "சிஸ்டர், போடுங்க."

ஊசி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் விட்டது. மகள் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு தள்ளித் தள்ளி வந்தது. அடுத்தது வரும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடைவெளி முடியாமலே நீண்டது. நர்ஸ் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

அப்பா போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு மகளைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணுன்னுதானே சொல்லச் சொன்னேன்?"

"நிஜமாவே ரெண்டுதாம்ப்பா."

அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. நாற்பது வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த சொல்.

"எது முதல்ல போச்சு?"

"பிரகாசமானது."

"மத்தது?"

"ஒரு நொடிகூட இல்லப்பா."

அவர் தலையாட்டினார். அம்மாவின் மூக்குக்கண்ணாடி தலையணைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி, வேட்டி நுனியால் இரண்டு வில்லையையும் துடைத்து, மடக்கி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டாம்," என்றார். "அவ பட்டியல் அப்படியே இருக்கட்டும்."

அன்றைக்கு அமாவாசை. அதையும் எந்தப் புத்தகத்தின் மேல் கையை வைத்தும் சொல்லத் தயார்.