தீக்குப் பின்னால் நடந்த ஆறுவீடு

பாறசாலைக்குக் கிழக்கே சூளைமுக்கில் இருந்த ஆறுவீடு, போன மாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, எழுந்து வெள்ளறடை ரோட்டில் நடந்து போனது. அன்று சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆறுவீடு என்றால் ஆறு தனி வீடுகள் அல்ல. மகாராஜா காலத்தில், சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளைக்காரர் தன் வேலையாட்களுக்குக் கட்டிப்போட்ட ஒரே வரிசை. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சுவர் பொது. ஆறுக்கும் மேலே, ஓர் இரும்பாணிகூட இல்லாமல் மர முளைகளால் கோத்த ஒரே அயினி மரத்து உத்திரம். அடுப்படிச் சுவர்களில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நுழையும் அளவுக்குத் துவாரம் உண்டு. சூளையிலிருந்து எடுத்து, காலையில் முதல் வீட்டில் ஊதிய கங்கு அந்தத் துவாரங்கள் வழியே கடைசி வீடு வரைக்கும் போகும். சூளை இடிந்து வாழைத்தோட்டம் ஆன பிறகும் சூளைத் தீ மட்டும் அணையவில்லை. கேஸ் அடுப்பு வந்த பிறகும், முதல் வீட்டுச் சுகுமாரி அதைச் சாம்பலில் மூடிக் காத்து வந்தாள்.

பழைய கட்டடங்களைக் காக்கும் இலாகா, ஆறுவீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்தபோது ஆறு குடும்பமும் பாயசம் வைத்தது. பின்னாலேயே, புகை உத்திரத்தைக் கெடுக்கிறது, ஆட்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீட்டைக் காப்பாற்ற வீட்டுக்காரர்களைத் துரத்துகிறார்களாம்! எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தகரக் கொட்டகைகள் கொடுத்தார்கள். பூட்டுகளோடு வந்த அதிகாரி ஜெயசிங்கிடம் சுகுமாரி கேட்டாள்.

"சாறே, அடுப்புத் தீ எங்களுக்குள்ளதாக்கும். அதையும் பூட்டுவியளா?"

"கொண்டு போங்க அக்கா, தீ என்ன பழைய கட்டடமா?" என்று அவர் சிரித்தார். வீட்டை விட்டாலும் தீயை விடக்கூடாது என்பது அங்கே வழக்கம். மண்சட்டியில் கங்கோடு அவள் முன்னே நடக்க, மற்றவர்கள் சாமான்களோடு பின்னே போனார்கள். பாதி வழியில் கடைசி வீட்டுப் பயஸ் திரும்பிப் பார்த்தான். அவனுடைய முன்னோர்தான் கடற்கரையிலிருந்து சூளைக்குச் சிப்பி கொண்டுவந்தவர்கள்.

"எக்கா, நம்ம வீடு பின்னால வருது."

"வரட்டும் மக்கா. நீ நட."

வளைவுகளில் உத்திரம் முனகியது. ஓர் ஓடுகூட விழவில்லை. பூட்டுகள் மட்டும் ஆடிக்கொண்டே வந்தன. கொட்டகைகளுக்கு முன்னால் வரிசை உட்கார்ந்தது. மறுநாள் ஜீப்பில் வந்த ஜெயசிங், தீயில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தீ போனால் வரிசை இனி எங்கேயும் நடக்காது என்பது அவர் கணக்கு. அதுவரை பொறுமையாக இருந்த சுகுமாரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சட்டியை எடுத்தாள், நெய்யாற்றின்கரைக்கு நடந்தாள்.

அங்கே இருந்த இலாகா அலுவலகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஆறுவீடு நின்றது. பஸ்கள் இரண்டு பக்கமும் தேங்கின. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்புலன்சுக்கு மட்டும் வரிசை ஒதுங்கி வழி விட்டது. சுகுமாரி நடுரோட்டில் கல் கூட்டி, கங்கை ஊதி, மரச்சீனி அவித்தாள்.

ஜெயசிங் இறங்கி வந்து, "அக்கா, இதை ஒண்ணு திரும்பக் கொண்டு போங்க" என்று கெஞ்சினார்.

"சாவி தாருங்க, போறோம். இல்லேண்ணா இங்ஙனயே இருப்போம். இருக்கதுக்கு எங்களுக்கு வீடு உண்டு சாறே."

சாயங்காலம் சாவிகள் வந்தன. அவள் தீயோடு திரும்பி நடந்தாள். வரிசையும் வந்து பழைய அடித்தளத்தில் சரியாக உட்கார்ந்தது. இப்போது ஆறு அடுப்பும் புகைகின்றன. இலாகா வைத்த அறிவிப்புப் பலகையில் கரி படிந்திருக்கிறது. சாம்பலைக் கொட்ட அவள் சட்டியோடு ரோட்டைக் கடக்கும்போது பஸ்கள் ஓரமாக நிற்கின்றன.

"எக்கா, சட்டியில தீ உண்டா?" என்று டிரைவர்கள் கேட்கிறார்கள்.

"இண்ணு இல்ல மக்கா, நீ போ" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கிறார்கள்.