ஒலி தேரும் சுத்தியல்

கிள்ளான் ஆற்றின் கலங்கிய நீர்மேல் காலைக் கதிரவன் பொன்னுருக்கி வார்த்தாற்போல் ஒளி பரப்ப, துறைமுகம் நோக்கி விரையும் சரக்குந்துகளின் முழக்கமும் கடைத்தெருவில் மலர்தொடுக்கும் மகளிரின் பேச்சொலியும் பின்னிக் கலந்து அந்நகரைத் துயிலெழுப்பிக்கொண்டிருந்தன. மறுநாள் தேர்த்திருவிழா. ஆற்றங்கரை அம்மன் கோயிலில், இரும்புச் சக்கரங்கள் நான்கின்மேல் நின்ற பழந்தேரைச் செப்பனிடும் பொறுப்பேற்றிருந்தவள் தாமரை. இரும்பை உருக்கி ஒட்டும் தொழிலில் இருபதாண்டு பழகியவள்.

தேர்க்கொட்டிலின் உத்தரத்தில் அவள் கண்டெடுத்த கருவியொன்று பல நாள்களாக அவள் சிந்தையை அலைக்கழித்தது. கைப்பிடி இரண்டு முழ நீளம், விரற்பருமன். தலையோ எலுமிச்சங்காயினும் சிறிது. தேங்காய் உடைப்பது என்றார் ஒருவர். ஈயச் சுரங்கத்தில் கல் பெயர்ப்பது என்றார் மற்றொருவர். இரண்டையும் அவள் உள்ளம் ஏற்கவில்லை.

தோள்வலி தீர அன்று காலை தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குச் சென்றவள், உடம்பு பிடித்துவிடும் பார்வையற்றவரான பேசில் என்பவரின் விரல்நுட்பத்தை நம்பி, அக்கருவியை அவர் கையில் கொடுத்தாள். அவர் நெடுநேரம் தடவினார்.

"அக்கா, ஓங்கி அடிச்ச சுத்தின்னா ஓரம் மடிஞ்சிருக்கும். இது மெல்லத் தட்டியே வழவழன்னு ஆகியிருக்கு. இது அடிக்கிறதுக்கு இல்ல, கேக்குறதுக்கு! எங்கப்பா ரயில்வேயில இருந்தாரு. வண்டி நின்னதும் சக்கரத்த ஒவ்வொண்ணா தட்டிப் பாப்பாங்களாம். நல்லது மணி மாதிரி பாடும்; விரிசல் விட்டது பாடாது."

தாமரை சுத்தியலை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "எங்க தேர்ச் சக்கரம் பாடுதான்னு வந்து கேக்குறீங்களா?" என்றாள்.

நண்பகலில் இருவரும் தொடர்வண்டியேறிக் கிள்ளான் வந்தனர். பேசில் தட்டத் தட்ட, முதலிரு சக்கரங்களும் நீரில் விரியும் வளையம்போல் நெடிதொலித்து அடங்கின. மூன்றாவது, ஈரமண்ணில் விழுந்த கல்லென ஒருமுறை முனகி ஓய்ந்தது. நான்காவது பாடியது. அவர் மீண்டும் மூன்றாவதைத் தட்டி, "இது பாடல, அக்கா. தேர் ஓடக் கூடாது," என்றார்.

"நேத்துதான் வண்ணம் பூசினோம். சத்தத்த நம்பித் தேர நிறுத்தச் சொல்றீங்களா?" என்று சினந்தார் அங்கு வந்த கோயில் தலைவர் தம்புசாமி.

தாமரை அச்சக்கரத்தின் வண்ணத்தைச் சுரண்டினாள். சக்கரத்தின் நடுக்குடத்திலிருந்து விளிம்புவரை, தலைமயிரினும் நுண்ணியதாய் ஓடிக்கிடந்தது ஒரு பிளவு.

வடம்பிடிக்கத் திரளும் ஆயிரமாயிரம் மக்களை எண்ணிய தம்புசாமி, அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். "நாளைக்கு அம்மன் நம்ம தோள்மேல வரட்டும்," என்றார்.

பேசிலின் விரலைப் பற்றித் தாமரை அப்பிளவின்மேல் வைத்தாள். அவர் முன்னும் பின்னும் தடவித் தலையசைத்தார். "எனக்கே தட்டுப்படல, அக்கா," என்றார் வியந்து.

தொட்டும் அறியவொண்ணாத கேட்டைச் செவியால் அறிந்து, வெயிலிலும் மழையிலும் தொடர்வண்டியோரம் குனிந்து நடந்த அப்பெயரறியா மாந்தரை இருவரும் நினைந்து நின்றனர். வண்டியினுள்ளே பயணிகள் உறங்கியிருப்பர். விழித்தெழுந்து, நலமே தத்தம் ஊர்களில் இறங்கிப் போயிருப்பர்.