ஊசி போட வந்தேன்

காலை எட்டு மணிக்குள் சோனியா லேபுக்காக நான்கு வீடுகளில் இரத்தம் எடுத்து முடித்திருந்தாள். ஐந்தாவது வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். ஒரு முதியவரின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தபோது பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. பார்க்காமலே யாரென்று தெரிந்தது. அன்று அது பதினோராவது அழைப்பு.

“எடுத்துப் பேசும்மா, அவசரமா இருக்கப்போகுது,” என்றார் முதியவர்.

“அவசரம் இல்லீங்க ஐயா,” என்றாள். ஆனால் குத்திய ஊசியை வெளியே எடுத்து மறுபடி குத்த வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்படி நேர்வது அபூர்வம்.

அழைத்தவர் ஆரோக்கியமேரி, அவள் கணவன் சாமுவேலின் அக்கா; அவளுக்கு அண்ணி. ஐம்பத்திரண்டு வயது. சினைப்பையில் புற்றுநோய். மூன்று மாதமாக விவேக் நகரில் இவர்களுடைய ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தங்கி கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டு, அப்பாவும் நோயில் படுத்த பிறகு, பதினான்கு வருடம் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூர் கார்மெண்ட்ஸுக்கு வந்து தைத்தவர். தம்பியை ஐ.டி.ஐ. படிக்கவைத்து லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினார். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமுவேல் இதைச் சொல்லாத வாரம் இல்லை. சோனியாவும் ஒருநாளும் மறுத்ததில்லை.

படுக்கையறையை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இவர்கள் ஹாலில் படுத்தார்கள். அது அவளுக்குச் சிரமமாக இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய கைப்பை திறந்து கிடப்பதும், பீரோவில் துணிகள் இடம் மாறியிருப்பதும்தான் சிரமம். போன வருடம் நான்காம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. ஸ்கூட்டர் ஓட்டித்தான் கலைந்தது என்று வியாழக்கிழமை சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்கு வரும் பெண்களிடமெல்லாம் அண்ணி சொல்லியிருந்தார். அதற்கும் ஸ்கூட்டருக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை சோனியா யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியபோது மறுபடி ஃபோன். இந்த முறை லேபிலிருந்து சூப்பர்வைசர் மமதா.

“சோனியா, உங்க வீட்டுலருந்து ஒரு அம்மா ஆபீஸுக்கே ஃபோன் பண்ணாங்க. நேத்து கீமோ ஆன பேஷண்டை விட்டுட்டு நீங்க ஊர் சுத்துறீங்களாம்.” மமதா கொஞ்சம் தயங்கினாள். “வண்டி ஓட்டிக் கொழந்தைய விட்டவளுக்கு ஏன் வேலை குடுக்கறீங்கன்னு வேற கேட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க சும்மா டென்ஷன் ஆகாதீங்க.”

சரி மேடம் என்று சொல்லி வைத்தாள். சாலையோரம் வண்டியை நிறுத்தினாள். ஏறினாள், இறங்கினாள், ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டினாள். மீதி இருந்த இரண்டு வீடுகளையும் முடித்துக் குப்பிகளை லேபில் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டுக்குப் போனபோது ஆரோக்கியமேரி கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சோனியா கைகழுவிவிட்டு டி.வி.யை அணைத்தாள்.

“அண்ணி, உங்களுக்குக் கஞ்சி வெக்கிறேன், மாத்திரை குடுக்கறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வரேன். இனியும் வருவேன். ஆனா மூணு விஷயம் இனி நடக்கக் கூடாது. என் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணக் கூடாது. என் பையை, பீரோவைத் தொடக் கூடாது. என் கொழந்தையைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது.”

“சாகப் போறவகிட்ட வந்து ரூல்ஸ் போடுறியா?”

“நீங்க இன்னும் எங்ககூட இருக்கப்போறீங்க. அதான் சொல்றேன்.”

அவர் ஃபோனை எடுத்து அத்திபெலேயில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் இராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் அவன் வேனோடு வந்துவிட்டான். தெருவே பார்க்க, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் படியிறங்கினார். சோனியா வாசல்வரை போனாள். போகாதீங்க என்று சொல்ல வந்தாள். சொன்னால் அந்த மூன்று நிபந்தனையும் போய்விடும் என்று தோன்றியது. மாத்திரைப் பையை மட்டும் வேனுக்குள் வைத்தாள்.

சாயங்காலம் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் ஊசி கண்ணில் பட்டது. ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போட வேண்டிய ஊசி. போடாவிட்டால் இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்து, காய்ச்சல் வந்தால் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

சாமுவேல் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றாமலே கேட்டான்.

“இன்னும் எத்தனை நாள் இருக்கப்போறாங்க? கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?”

“மூணு மாசமாப் பொறுத்தேன். நீங்க ஒருநாளாவது அவங்ககிட்டப் பேசினீங்களா?”

“நாளைக்கு ஊசியை எடுத்துட்டுப் போ. மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வா. எனக்கு லீவு கெடைக்காது.”

“ஊசி போடுவேன்,” என்றாள்.

மறுநாள் லேப் வேலை முடிந்ததும் குப்பிகள் வைக்கும் ஐஸ் பெட்டியில் ஊசியை வைத்து, மடிவாளாவில் அத்திபெலே பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. பொம்மசந்திராவில் நெரிசலில் பஸ் நின்றுவிட, பெட்டி மூடியை மூன்று முறை திறந்து பார்த்தாள். ஐஸ் உருகவில்லை. என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அழுகையாகவோ சண்டையாகவோதான் முடிந்தது. இப்படியே இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

பஞ்சர் கடைக்கு மேலே இராஜமாணிக்கத்தின் வீடு. கீழே லாரி டயர்களில் காற்றடிக்கும் சத்தம் தரையை அதிரவைத்தது. ஆரோக்கியமேரி பாயில் படுத்திருந்தார். ஒரே நாளில் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“வந்துட்டியா? இராஜமாணிக்கம், என் பையை எடு.”

“நான் கூட்டிட்டுப் போக வரல அண்ணி. ஊசி போட வந்தேன்.”

இராஜமாணிக்கம் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான். சோனியா கை கழுவி, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்தாள். மேல்கையில் சதையே இல்லை. தோலைக் கிள்ளிப் பிடித்து மெதுவாக ஏற்றினாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சாமு என்ன சொன்னான்?”

“மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னாரு.”

“கேக்கலியா?”

“நான் தப்பாப் பேசல அண்ணி. நீங்க எப்ப வேணா வீட்டுக்கு வரலாம். கட்டில் அப்படியே இருக்கு. நான் சொன்ன மூணும் அப்படியேதான் இருக்கு.”

அவர் தோளில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் போனதும் கதவு சாத்துற சத்தம் கேக்கும். அப்புறம் ஒண்ணுமே இருக்காது. மூச்சு நின்னுப்போனாகூட யாருக்கும் தெரியாதேன்னு பயம். நீ ஃபோனை எடுத்தா அந்தப் பயம் நிக்கும்.”

சோனியா இதை எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் இதற்கு உதவாது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நானே கூப்பிடுறேன். நடுவுல முடியலன்னா சாமுவுக்குப் பண்ணுங்க, அவரு எடுப்பாரு. ஆனா கொழந்தை விஷயம் வேற. பயத்துல அதைச் சொல்லலயே நீங்க.”

ஆரோக்கியமேரி பாயில் சாய்ந்துகொண்டார். “தண்ணி குடு,” என்றார். கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் உடனே செய்ய வேண்டியதை இராஜமாணிக்கத்தின் மனைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள்.

அந்த வாரம் சாமுவேல் அவளிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினான். அவள் சொன்னபடி பத்துக்கும் ஒன்றுக்கும் அத்திபெலேக்குக் கூப்பிட்டாள். முதல் இரண்டு நாள் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள், “உயிரோடதான் இருக்கேன்,” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் தனியாகப் போய் அக்காவைப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்ததும், அடுத்த கீமோவுக்கு லீவு சொல்லிவிட்டேன் என்றான்.

பன்னிரண்டாம் நாள் ஆரோக்கியமேரி வீட்டுக்குத் திரும்பி வந்தார். லேபுக்கு அதன்பிறகு ஃபோன் போகவில்லை. கைப்பை மட்டும் ஒருமுறை திறந்து கிடந்தது. சோனியா அதை எடுத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்து மூடினாள்.

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு நவநாளுக்கு வரும் பெண்களில் ஒருத்தி அவரைப் பார்க்க வந்தாள். சமையலறையில் இருந்த சோனியாவுக்குப் பேச்சு கேட்டது. “உங்க தம்பி வீட்ல விசேஷம் ஏதாவது உண்டா? அந்த வண்டியை இன்னும் ஓட்டுறாளா?” சோனியாவின் கை கரண்டியோடு நின்றது.

“அது...” என்று ஆரம்பித்தார் ஆரோக்கியமேரி. நிறுத்தினார். “ஜான்சன் மார்க்கெட்ல மத்தி மீன் வந்திருக்காமே, பார்த்தியா?”

அந்தப் பெண் விழித்துவிட்டு மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

சோனியாவுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. அடுப்பைத் தணித்தாள், ஏற்றினாள், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். அண்ணி ஒருநாளும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்கேன். அதில் என்ன வருமோ, யாருக்கும் தெரியாது. இரண்டு டம்ளரில் டீ ஊற்றி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.